பையை அப்புறம் கட்டலாம், முதலில் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள்

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: வீடு திங்கள்நகருக்கும் மணவாளக்குறிச்சிக்கும் நடுவில், வள்ளியாற்றில் இருந்து கூப்பிடு தூரம். கணவர் வளைகுடாவில். வீட்டில் நீங்கள், சர்க்கரை நோயும் மூட்டுவலியும் உள்ள மாமியார், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், ஒரு பசு. ஒவ்வொரு பெருமழைக்கும் தூக்கம் போகிறது. ஆன்லைனில் விற்கிற அவசரகாலப் பையை வாங்கி வைத்தால் போதுமா, வேறு ஏதாவது செய்யணுமா?

பை இப்போதைக்கு வேண்டாம். நானும் உங்களைப் போலக் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரன், நிவாரண முகாம் வேலைகளில் நின்றவன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். முகாமுக்கு வந்து சேர்ந்துவிட்டால் பாய், கஞ்சி, மாற்றுத்துணி எல்லாம் எப்படியோ கிடைத்துவிடும். கிடைக்காதது நேரம்தான். தண்ணீர் முற்றத்துக்கு வந்த பிறகு "போகணுமா, வேண்டாமா, எங்கே போவது, பாட்டியை யார் தூக்குவது" என்று பேச ஆரம்பிக்கிற வீடுகள்தான் மாட்டிக்கொள்கின்றன. அந்தப் பேச்சை வெயில் அடிக்கிற ஒரு நாளில் பேசி முடித்து வைப்பதைத்தான் நான் திட்டம் என்று சொல்வேன்.

முதலில் உங்கள் வீடு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நம் மாவட்டம் சின்னது, ஆனால் ஆபத்து ஊருக்கு ஊர் மாறும். கடற்கரை ஊர்களுக்குப் புயலும் கடலேற்றமும், மலையோரத்துக்கு மண்சரிவும் காட்டாறும், தோவாளைப் பக்கம் வயலும் குளமும் உள்ள இடங்களுக்குக் குளக்கரை உடைவது, ரப்பர் தோட்டத்துக்கு நடுவே இருக்கிற வீட்டுக்குக் காற்றில் மரம் விழுவது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டுமே நமக்குப் பெய்கிறது என்பதால் ஜூனில் தொடங்கி டிசம்பர் முடியும் வரை கவனமாக இருக்க வேண்டிய காலம்தான். ஆகவே சென்னைக்காரர்களுக்காக எழுதிய பட்டியலை அப்படியே எடுத்து ஒட்டினால் நமக்குச் சரியாக வராது.

உங்கள் விஷயத்தில் ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். மழை வலுத்தால் எல்லோரும் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி நீர்மட்டத்தைத்தான் பார்ப்பார்கள். பேச்சிப்பாறையின் மொத்த அளவு 48 அடி, பெருஞ்சாணிக்கு 77 அடி, அது நிறையப்போகிறது என்றால் உபரிநீரைத் திறப்பார்கள், அந்தத் தண்ணீர் திற்பரப்பு, குழித்துறை வழியாகத் தேங்காய்ப்பட்டணத்தில் கடலில் சேரும். அந்தக் கரையில் இருப்பவர்களுக்கு அணைச் செய்தி உயிர் காக்கும் செய்தி. நீங்கள் இருப்பது வள்ளியாற்றங்கரை. வேளிமலையில் இருந்து இறங்கி, வழியில் கால்வாய்த் தண்ணீரையும் வாங்கிக்கொண்டு கடியப்பட்டணத்துக்குப் போகிற சின்ன ஆறு அது, மேலே பெரிய அணை எதுவும் இல்லை. சின்ன ஆறு சீக்கிரம் ஏறும், சீக்கிரம் இறங்கும், யாரும் மைக்கில் சொல்லிக்கொண்டு வரமாட்டார்கள். மேலே தக்கலை, வேளிமலைப் பக்கம் ராத்திரி முழுக்கக் கொட்டினால் உங்கள் ஊரில் மழை ஓய்ந்திருந்தாலும் ஆறு ஏறும். அதனால் தக்கலைப் பக்கத்தில் உங்களுக்குத் தெரிந்த ஒருத்தரிடம் இப்போதே சொல்லி வையுங்கள், "அங்கே விடாமல் பெய்தால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்று.

அப்புறம் ஊரில் வயசானவர்களிடம் கேளுங்கள், 2021 நவம்பர் மழையில் தண்ணீர் எது வரைக்கும் வந்தது என்று. நாகர்கோவில் திருவனந்தபுரம் ரயில் பாதையிலேயே மண் சரிந்து ரயில் நின்றுபோன மழை அது, அதனால் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அந்தத் தண்ணீர் நின்ற இடத்தில் ஒரு அடையாளம் பிடித்துக்கொள்ளுங்கள், படிக்கட்டு, மதில், தென்னை, எதுவானாலும். அதற்கும் கீழே இன்னொரு அடையாளம் வேண்டும். "ஆறு அந்தக் கல்லைத் தொட்டால் கிளம்புகிறோம்" என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஓர் இடம். அங்கே தொட்டபிறகு விவாதம் கிடையாது. சாயங்காலம் ஆகிவிட்டது, மழை விடுகிற மாதிரி இல்லை என்றால் அடையாளத்தைத் தொடும் வரைகூடக் காத்திருக்க வேண்டாம். வெளிச்சம் இருக்கும்போதே போய்விடுங்கள். மறுநாள் ஒன்றும் ஆகவில்லை என்றால் திரும்பி வந்து சோறு பொங்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

யார் முடிவெடுப்பது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊரில் வீட்டு ஆண் வெளிநாட்டில் இருக்கிற குடும்பங்கள் நிறைய, அங்கேயெல்லாம் இந்த இடத்தில்தான் நேரம் போகிறது. "அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கிளம்பலாம்" என்று போனைப் போட்டால், அவர் அங்கே வேலையில் இருப்பார், எடுக்கமாட்டார், எடுத்தாலும் இங்கே நடப்பது அவருக்குத் தெரியாது, "கொஞ்சம் பார்க்கலாமே" என்பார். அவரைக் குறை சொல்லவில்லை, அத்தனை தூரத்தில் இருந்து யாரும் அப்படித்தான் சொல்வார்கள். இந்த வாரமே அவரிடம் பேசுங்கள். கிளம்புகிற முடிவு வீட்டில் இருக்கும் உங்களுடையது, நீங்கள் முடிவு பண்ணிக் கிளம்பிய பிறகு தகவல் சொல்வீர்கள், அவர் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். இதை மாமியார் காதில் விழும்படி அவர் வாயாலேயே சொல்ல வைத்தால் இன்னும் நல்லது. "நான் இந்த வீட்டில் பார்க்காத மழையா" என்று வயசானவர்கள் சொல்வது பிடிவாதத்தால் மட்டும் இல்லை. இன்னொருத்தர் வீட்டில் போய்ப் படுப்பது, ராத்திரி எழுந்தால் கக்கூஸ் எங்கே இருக்கும், இதெல்லாம்தான் அவர்கள் மனதில் ஓடும். அதனால் போகிற இடத்தை அவர்களையே கேட்டு முடிவு செய்யுங்கள். மேற்கத்திய கழிப்பறை உள்ள உறவினர் வீடு ஒன்று இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

போகிற இடம் இரண்டு வேண்டும். ஒன்று நடந்தே போகக்கூடிய மேட்டு வீடு, அல்லது பள்ளிக்கூடம், கோவில், தேவாலயம். உங்கள் பகுதிக்கு எந்தப் பள்ளிக்கூடத்தை முகாமாக வைத்திருக்கிறார்கள் என்று கிராம நிர்வாக அலுவலரைக் கேட்டால் சொல்வார். இன்னொன்று கொஞ்சம் தள்ளி, நாலைந்து நாள் தங்கக்கூடிய வீடு. முக்கியமாக, அந்த வழியில் ஆறோ, சப்பாத்து என்கிற தாழ்வான தரைப்பாலமோ குறுக்கே வரக்கூடாது. குழித்துறை சப்பாத்து மழைக்கு மூழ்குவது ஊருக்கே தெரியும், ஆனால் பேர் தெரியாத சின்னச் சப்பாத்துகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன, ஆபத்து அங்கேயும் உண்டு. ஓடுகிற தண்ணீர் அரை அடி இருந்தாலே ஆள் நிலை தடுமாறும், இரண்டு அடி இருந்தால் காரையே இழுத்துவிடும். பழகின ரோடுதானே என்று ஸ்கூட்டரை இறக்காதீர்கள், தண்ணீருக்குக் கீழே ரோடு இருக்கிறதா என்பதே தெரியாது.

அடுத்தது போன். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை, டவர்களும் ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டன. அப்படி ஒரு நாளில் குடும்பம் சிதறி இருந்தால் எப்படி ஒருவரை ஒருவர் கண்டுபிடிப்பீர்கள்? இதற்கு ஊருக்கு வெளியே ஒரு ஆள் வேண்டும். உங்களுக்கு அது கணவரே. முடிவெடுப்பது அவர் வேலை இல்லை என்று மேலே சொன்னேன், தகவலைச் சேர்த்து வைப்பது அவர் வேலை. நீங்கள், மைத்துனர், பள்ளிக்கூடத்தில் இருந்து பிள்ளைகளைக் கூட்டிப்போனவர், எல்லோரும் அவருக்கு ஒரு வரி அனுப்பினால் போதும், யார் எங்கே என்று அவர் எல்லோருக்கும் சொல்லிவிடுவார். சென்னையில் இருக்கிற ஒரு உறவினரையும் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், வெளிநாட்டு அழைப்பு கிடைக்காத நேரத்துக்கு ஆகும். லைன் நெரிசலாக இருக்கும்போது பேசுவதைவிடச் சாதாரண எஸ்எம்எஸ் போக வாய்ப்பு அதிகம், வாட்ஸ்அப்பை மட்டும் நம்பாதீர்கள்.

எண்களைக் கையால் எழுதி, ஒன்றை அடுக்களைக் கதவிலும் ஒன்றைப் பிள்ளைகளின் பையிலும் வையுங்கள். பிள்ளைகளுக்கு இரண்டு எண் மனப்பாடமாகத் தெரிய வேண்டும், கேட்டால் தூக்கத்திலும் சொல்கிற மாதிரி. பொது எண்கள்: எதற்கும் 112, ஆம்புலன்ஸ் 108, தீயணைப்பு 101, மாவட்ட பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, மாநில அறை 1070, மின்கம்பி அறுந்து கிடந்தால் மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987, கேஸ் கசிந்தால் 1906. 108-ஐக் கூப்பிட்டால் வீட்டை எப்படிச் சொல்வது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள், ஊர், பக்கத்துக் கோவில், எந்த வளைவில் திரும்பணும் என்று. பதற்றத்தில் சொந்த வீட்டுக்கு வழி சொல்லவே வாய் குழறும்.

பள்ளிக்கூடத்தில் பேசுங்கள். திடீரென்று மதியம் விடுமுறை விட்டால் பிள்ளைகளை யாரிடம் அனுப்பலாம் என்று இரண்டு பேர் பெயரைக் கொடுத்து வைக்கலாம். வேன் ஓட்டுபவரிடமும் கேளுங்கள், ரோட்டில் தண்ணீர் என்றால் அவர் எங்கே நிறுத்துவார் என்று.

மாமியாருக்கு. மருந்து தீர்ந்த பிறகு வாங்குவது மழைக்காலத்தில் சரிவராது, எப்போதும் இரண்டு வாரத்துக்குக் கூடுதலாக இருக்கட்டும். என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், எந்த வேளை என்று ஒரு தாளில் எழுதி, மருந்துச் சீட்டின் நகலோடு வையுங்கள், முகாமில் மருத்துவக் குழு வந்தால் அவர்கள் முதலில் கேட்பது அதுதான். இன்சுலின் போடுகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. போடுகிறார் என்றால், பயன்படுத்திக்கொண்டிருக்கிற இன்சுலின் பொதுவாக 30 டிகிரிக்குள் நாலு வாரம் வரை தாங்கும், உங்களுடையதற்கு எத்தனை நாள் என்று பெட்டிக்குள் இருக்கும் தாளில் போட்டிருக்கும். கரண்ட் போனதும் அதை ஐஸ்கட்டிக்கு நடுவே திணிக்காதீர்கள், உறைந்தால் வீண், தூக்கிப் போட வேண்டியதுதான். ஈர மணலில் ஒரு மண்சட்டியைப் பதித்து, மருந்தை நனையாமல் ஒரு டப்பாவில் போட்டு அதற்குள் வைத்து, ஈரத்துணியால் மூடி நிழலில் வைத்தால் போதும். சாப்பாடு தவறும் நாட்களில் சர்க்கரை திடீரென்று இறங்கலாம், அதனால் குளுக்கோஸ் பொடியோ சீனியோ அவர் மடியிலேயே இருக்கணும்.

மூட்டுவலிக்காரரை நடத்தி அழைத்துப் போவது தண்ணீர் வந்த பிறகு நடக்காது. ஆகவே அவர் முதலில் போக வேண்டும், மற்றவர்கள் பின்னால். தெருவில் ஆட்டோ வைத்திருப்பவர் ஒருவரிடம் இப்போதே பேசிவிடுங்கள். ஆட்டோ வர முடியாத நிலைமைக்கு, கைப்பிடி உள்ள ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் பலமான இரண்டு பையன்களும் போதும், நாற்காலியோடு தூக்கிவிடலாம். அந்த இரண்டு பையன்கள் யார் என்பதுதான் கேள்வி, பெயர் தெரிய வேண்டும், அவர்களுக்கும் தெரிய வேண்டும்.

கடலைப் பற்றியும் சொல்லியாகணும், மணவாளக்குறிச்சி பக்கம் என்றால் பிள்ளைகள் கடற்கரைக்குப் போவார்கள். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமசுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, மழையும் இல்லை புயலும் இல்லை. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடியில் என்ன ஆனது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சுமத்ரா பக்கம் நிலம் நடுங்கி சில மணி நேரம் கழித்துத்தான் அலை இங்கே வந்தது, அப்போது அதைச் சொல்ல நமக்கு ஒரு ஏற்பாடு இல்லை. 2007-இல் இருந்து ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இருக்கிறது. இருந்தாலும் பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்லிக் கொடுங்கள்: கடல் என்றைக்கும் இல்லாமல் உள்வாங்கினால், கடலில் இருந்து விசித்திரமான இரைச்சல் வந்தால், நிலம் பலமாகக் குலுங்கினால், வேடிக்கை பார்க்காமல் உள்நாட்டுப் பக்கம் மேட்டுக்கு ஓடணும். முதல் அலை போனதும் திரும்பி வரக்கூடாது, அடுத்தது அதைவிடப் பெரிதாக வரலாம்.

சுனாமியைவிட அடிக்கடி வருவது கள்ளக்கடல். எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் அடித்த காற்றில் கிளம்பிய நீண்ட அலைகள் இங்கே காற்றே இல்லாத நாளில் கரையேறுவது அது, அதனால்தான் அந்தப் பெயர். 2024 மே மாதம் கணபதிபுரம் பக்கத்து லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தது அப்படி எச்சரிக்கை இருந்த ஒரு நாளில். வானம் தெளிவாக இருக்கிறது என்பது கடலுக்குள் கால் நனைக்கக் காரணமாகாது, எச்சரிக்கை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போகணும்.

உங்கள் வீட்டில் கடலுக்குப் போகிறவர் இல்லை, ஆனால் இதைப் படிக்கிறவர்களில் பலருக்கு இருப்பார்கள், அவர்களுக்காக ஒரு பத்தி. ஒக்கியில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கத்து ஆழ்கடல் படகுகள் வாரக்கணக்கில் தங்கல் போட்டு மீன்பிடிக்கப் போயிருந்தன. எத்தனை பேர் கடலில் இருக்கிறார்கள் என்ற கணக்கே தகராறாகி, தேவாலயப் பங்கு ஒவ்வொன்றாகப் பெயர் சேகரிக்க வேண்டி வந்தது. அதனால் ஆள் கிளம்பும்போதே வீட்டில் ஒரு தாள் எழுதி வைத்துவிட்டுப் போகட்டும். படகின் பெயர், பதிவு எண், எந்தத் துறைமுகத்தில் இருந்து கிளம்பினார்கள், கொச்சியா, தேங்காய்ப்பட்டணமா, கூடப் போனவர்கள் பெயர், உரிமையாளர் எண், சாட்டிலைட் போன் இருந்தால் அதன் எண், திரும்ப வரும் உத்தேச நாள். கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. ஒரு நகல் அன்பியத்தில், அதாவது பங்கில் உள்ள அக்கம்பக்கக் குடும்பக் குழுவில், யாரிடமாவது இருந்தால் ரொம்ப நல்லது, ஏனென்றால் வீட்டுப் பெண்ணுக்கு அந்த நேரத்தில் தாளைத் தேடும் நிலைமை இருக்காது.

சரி, இப்போது பை. ஏற்கெனவே வீட்டில் இருக்கும் பள்ளிக்கூடப் பை ஒன்று போதும். டார்ச், பவர் பேங்க், மருந்து, விசில், பிள்ளைகளுக்கு ஒரு செட் துணி, மாதவிடாய் நாப்கின், மாமியாரின் கண்ணாடி. சமைக்காமல் சாப்பிட அவல், சீனி, பேரீச்சம்பழம். கையில் பணம் கட்டாயம் வேண்டும், அதுவும் சில்லறையாக, கரண்ட் இல்லாத நாளில் ஜிபேயும் ஓடாது, ஏடிஎம்மும் ஓடாது. ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்போர்ட், வீட்டுப் பத்திரம், வங்கிப் புத்தகம், இவற்றின் நகலைத் தண்ணீர் புகாத கவரில் போட்டுப் பையில் வையுங்கள், அசலை வீட்டின் உயரமான இடத்தில் அதே மாதிரிக் கவரில் வையுங்கள், படம் எடுத்துக் கணவருக்கும் அனுப்பிவிடுங்கள். நகை இருந்தால் மழைக்காலத்துக்கு முன்பே வங்கி லாக்கருக்குப் போகட்டும். நகைக்காகத் திரும்பிப் போகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.

வீட்டிலேயே இருக்க வேண்டி வந்தால் தண்ணீர்தான் முதல் கவலை. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று வைத்தால் உங்கள் நாலு பேருக்கு மூன்று நாளைக்கு 48 லிட்டர், இரண்டு பெரிய கேனும் ஒரு குடமும் கணக்குச் சரி. கிணறு இருந்தால் கப்பியையும் கயிறையும் வாளியையும் கழற்றி எறியாதீர்கள். மோட்டார் வந்ததும் அதையெல்லாம் எடுத்துப்போட்ட வீடுகள்தான் கரண்ட் போனால் கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கும். வெள்ளம் கிணற்றுக்குள் இறங்கியிருந்தால் பிளீச்சிங் பவுடர் போடும் வரை குடிக்கக்கூடாது, அதற்கு ஊராட்சியில் சொல்லுங்கள், குடிக்கிற தண்ணீரை எப்படியும் கொதிக்க வைத்துவிடுங்கள்.

கிளம்பும்போது மெயின் சுவிட்சையும் கேஸ் ரெகுலேட்டரையும் அணைக்கணும், எது எங்கே இருக்கிறது என்று மூத்த பிள்ளைக்கும் காட்டுங்கள். ஏற்கெனவே தண்ணீரில் நின்றுகொண்டிருந்தால் சுவிட்ச் போர்டைத் தொடவே கூடாது. அறுந்த கம்பி கிடந்தால் கிட்டே போகாதீர்கள், அதன்மேல் கிடக்கும் மரக்கிளையையும் தொடாதீர்கள். திரும்பி வந்ததும் வீட்டுக்குள் கம்பால் தட்டிக்கொண்டே போங்கள், விறகு, தேங்காய்க் குவியல், செருப்பு எல்லாவற்றிலும் பாம்பு ஏறியிருக்கும். கடித்துவிட்டால் கீறுவதும் உறிஞ்சுவதும் இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம், கை காலை அசைக்காமல் வைத்து 108-இல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போகச் சொன்னால் அங்கேயே.

இவ்வளவையும் எழுதி முடித்ததும் ஒரு ராத்திரி மெயினை அணைத்துவிட்டு நடத்திப் பாருங்கள். டார்ச் எங்கே, மாமியார் ரோட்டுக்கு வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அப்போது தெரிந்துவிடும். பத்து நிமிஷம் என்று நினைத்திருப்பீர்கள், அரை மணி ஆகும். அதற்குத் தகுந்த மாதிரி ஆற்றங்கரை அடையாளத்தை இன்னும் கீழே இறக்கிக்கொள்ளுங்கள். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது ஒரு தடவை, ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு தடவை மருந்துத் தேதியையும் பவர் பேங்கையும் எண்களையும் சரிபாருங்கள்.

பசுவை மறந்துவிடவில்லை. பசுவை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று கடைசி வரை நின்றுவிடுகிறவர்கள் உண்டு, உங்கள் மாமியாரும் அப்படி இருக்கலாம். எச்சரிக்கை வந்த பகலிலேயே அதை மேட்டில் யார் தொழுவத்தில் கட்டலாம் என்று ஓர் இடம் பேசி வையுங்கள், இரண்டு நாள் வைக்கோலும் முன்கூட்டியே அங்கே போகட்டும். அதற்கும் நேரமில்லை என்றால் கயிற்றை முளையில் இருந்து மட்டும் அவிழ்க்காமல் கழுத்தில் இருந்தே கழற்றி விடுங்கள், இல்லையென்றால் நீந்தும்போது கயிறு எங்காவது சிக்கிக்கொள்ளும்.